ரெண்டு பிடி கொழுந்து

கரடிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கரடி கிடையாது. பாறை என்று மதிக்கத்தக்க பாறையும் கிடையாது. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் மூடுபனிக்குள் வேலை பார்த்து நின்ற தன் கண்டாக்கையாவையே, மலை வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தரையே, கரடி என்று நினைத்துச் சுட்டுவிட்டார், அதில் வந்த பெயர் என்பார்கள். கண்டாக்கையா என்ன ஆனார் என்று கேட்டால், "அரைநாள் லீவு குடுத்தாங்களாம்" என்று பதில் வரும். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் தோட்டத்தின் மேற்பிரிவு லயம், தொழிலாளர்களின் வீட்டு வரிசை, தெரியும். பனி விலகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பனி விலகுகிற நேரம் வருடத்துக்குப் பதினொரு நிமிடம்.

அந்த லயத்தின் நாலாவது காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருப்பவள் வீரம்மா. வயது நாற்பத்தெட்டு. அதில் முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு போனது. அவள் மலையில் நின்று "ஏ பேச்சீ!" என்று கூப்பிட்டால் டிக்கோயாவில் இருக்கிற பேச்சியம்மாக்கள் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் புருஷன் சின்னத்தம்பி தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை. கலியாணம் ஆன நாளிலிருந்து அவன் பேசிய பேச்சையெல்லாம் திரட்டினால் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம், குச்சிகளை வெளியே எடுக்காமலே. வீட்டுக்கு ஒரு குரல் போதும் என்று கடவுள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

இவர்களுக்கு ஒரே மகள் சுலக்ஷனா. பள்ளிக்கூடத்துக்குப் போக நாலு மைல், வர நாலு மைல், வரும்போது மேடு. அட்டைக் கடிக்குக் காலில் சோப்புப் பூசிக்கொண்டு பதின்மூன்று வருடம் நடந்தாள். அவள் காலிலிருந்து அட்டைகள் குடித்த ரத்தத்தைச் சேர்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்டுக்குப் போதும். அந்த ஆஸ்பத்திரியே கடைசியில் அவளைக் கூப்பிட்டது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துத் தேறி, நேர்முகத்துக்கும் போய் வந்து, தாதியர் பயிற்சிக்குத் தெரிவானாள். லயமே கூடிச் சர்க்கரை போட்ட தேத்தண்ணி குடித்தது. கடிதத்தோடு, நிரப்பிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க ஒரு பாரமும் வந்திருந்தது.

பாரம்தான் வினை.

பயிற்சியைப் பாதியில் விட்டுவிட மாட்டாள், படித்து முடித்ததும் சொன்ன வருடங்கள் வேலை செய்வாள் என்று இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் நிரந்தர அரசாங்க உத்தியோகம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தப் பெயரில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருக்க வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்குள் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

வீரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பாரம் கொடுக்க வேண்டிய காரியாலயத்துக்கே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிங்களப் பெண் பாரத்தைப் பார்த்தாள்.

"அம்மே, தென்னெக் ஓன" என்று இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு பேர் வேண்டும்.

"எங்களுக்கு வீடிருக்குன்னு சொல்லுடி. நாலு தலமொறையா அதே காம்பரா. எங்க பூட்டன் கட்டுன அடுப்பு இன்னும் இருக்கு."

சுலக்ஷனா சிங்களத்தில் சொன்னாள். அவளுடைய சிங்களம் அந்தப் பெண்ணுடைய சிங்களத்தைவிடச் சுத்தம் என்று லயத்தில் ஒரு கட்சி உண்டு.

"ஒப்புவ தியெனவாத?" உறுதி இருக்கிறதா என்று கேட்டாள் அந்தப் பெண்.

உறுதி எங்கே இருக்கும்? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். காம்பராவின் கூரைத் தகரம் தோட்டத்துக்குச் சொந்தம். தகரத்தின் ஓட்டைகள் மட்டும் நாலு தலைமுறையாகச் சின்னத்தம்பி குடும்பத்துக்குச் சொந்தம். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. "அனே" என்று உச்சுக்கொட்டினாள். உச்சுக்கொட்டியதைப் பாரத்தில் ஒட்ட முடியாது.

மேற்பிரிவு லயத்தில் முப்பத்திரண்டு காம்பரா. அத்தனை காம்பராவிலும் பிறந்து வளர்ந்தவர்களில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் துஷாந்த், பள்ளிக்கூட மாஸ்டர். இன்னொருவன் மதுரன், அரசாங்க வங்கியில் உத்தியோகம், ஹட்டனில் வாடகைக்கு மாடி வீடு. இரண்டு பேர் தேவை, இரண்டு பேர் இருக்கிறார்கள். கணக்கு இவ்வளவு லேசாக இருப்பதைப் பார்த்து வீரம்மாவுக்கே சந்தேகம் வந்தது.

துஷாந்த் மாஸ்டரை அவர் வகுப்பறையிலேயே பிடித்தாள். மாஸ்டர் நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் சோக் கட்டி தானாக எழுந்து எழுதும்.

"அக்கா, மொதல்ல இந்தப் பாரத்தப் பாருங்க. தலையிலருந்து கால் வரைக்கும் சிங்களம். சட்டத்துல தமிழும் அரச கரும மொழிதானே? எங்க தமிழ்? ஒங்க தாத்தாவுக்குக் குடியுரிமை இருந்திச்சா?"

"இல்லீங்க மாஸ்டர். கடைசி வரைக்கும் எந்த நாட்டுக்காரர்னு தெரியாமதான் செத்தாரு."

"அதான்! குடியுரிமையப் புடுங்குனான், வாக்கப் புடுங்குனான், காணியக் காட்டவே இல்ல. இப்ப உறுதி கொண்டான்னா எங்க போறது? இதுக்குப் பேரு இனவாதம் அக்கா. வேற ஒண்ணுமே இல்ல."

"இருக்கும் மாஸ்டர். திங்கக்கெழம மூணு மணிக்கு முந்திக் குடுக்கணுமாம்."

"இத நாம சும்மா விடக் கூடாது. அரசாங்கத்துக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மகஜர் எழுதணும்."

"எழுதுங்க, மொதக் கையெழுத்து நான் போடுறேன். இதுல நீங்க போடுங்க."

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பனியைத் தவிர எதுவும் இல்லை. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா... போன தடவ ஒருத்தனுக்குப் பிணை நின்னேன். அவன் பாதியில விட்டுட்டுக் கட்டாருக்குப் போயிட்டான். இன்னும் என் சம்பளத்துலதான் வெட்டுறாங்க. அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

மாஸ்டருடைய அம்மா வேறு யாருமில்லை, மலையில் வீரம்மாவுக்கு அடுத்த நிரையில், அடுத்த செடி வரிசையில், கொழுந்தெடுக்கிற பேச்சியம்மாதான்.

மதுரன் வீட்டில் மரியாதை அதிகம். அவன் மனைவி கேஷிகா கண்ணாடிக் கோப்பையில் பால் தேத்தண்ணியும் கிரீம் பிஸ்கட்டும் கொண்டு வைத்தாள். மதுரன் ஒரு கடதாசியை எடுத்து வட்டம் போட்டான்.

"அக்கா, இனவாதம்னு கத்துறதெல்லாம் உணர்ச்சி. அடியில ஓடுறது பொருளாதாரம். சொத்தில்லாதவங்களுக்குப் பிணை கெடைக்காது. பிணை இல்லாட்டி வாய்ப்புக் கெடைக்காது. வாய்ப்பு இல்லாட்டி சொத்து வராது. பாத்தீங்களா, வட்டம்."

"நல்ல உருண்டையா வந்திருக்கு தம்பி. இதுல எந்த எடத்துல கையெழுத்து?"

கேஷிகா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மதுரன் சிரிக்கவில்லை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், இந்த நேரத்தில் இன்னொருவருக்குப் பிணை நின்றால் அது தன் கணக்கில் சுமையாக ஏறும் என்றும் தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் அம்மா மீனம்மா இறந்து ஆறு வருடம். சுவரில் மாலையோடு இருந்த அவள் படத்தை வீரம்மா பார்த்தாள். மீனம்மா அந்தக் காலத்தில் நிரையில் எப்போதும் கடைசி. கைக்கு வேகம் போதாது, வாய்க்கு அதைவிடப் போதாது.

"சரி தம்பி. பிஸ்கட்டு நல்லாருந்திச்சி" என்று எழுந்து வந்தாள்.

மிச்சம் இருந்தது ஹட்டன் கடைவீதி மயில்வாகனம் முதலாளி. தகரம், ஆணி, கம்பி, வாளி விற்கிற கடை. அவருடைய கையெழுத்து ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் பாதை போல நீளம், நடுவில் சுரங்கமும் உண்டு. உறுதி ஒன்றல்ல, அலுமாரி நிறைய. கரடிப்பாறை மாரியம்மன் திருவிழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை உபயம் அவருடையது. அன்று பின்னேரம் ஒரு பட்டிமன்றம் வைக்க வேண்டும் என்று அவரே தலைப்பும் கொடுத்திருந்தார்: 'மலையக மக்கள் பின்தங்கியிருக்கக் காரணம் இனவாதமா, பொருளாதாரமா, சொந்தப் பொறுப்பின்மையா?' இனவாத அணிக்குத் துஷாந்த் மாஸ்டர் தலைவர். பொருளாதாரத்துக்கு மதுரன். பொறுப்பின்மைக்கு, உபயகாரர் என்ற முறையில், முதலாளியே தலைவர்.

"வீரம்மா, என்னையப் பாரு" என்றார் முதலாளி, அப்பாவின் படத்துக்குக் கீழே, அப்பாவின் நாற்காலியில் இருந்துகொண்டு. "நானா ஒழச்சி வந்தவன். எங்கப்பா ராமநாதபுரத்துலருந்து வாறப்ப கையில என்னா இருந்திச்சி? ஒரு கொடை. ஒரே ஒரு கொடை!"

"எங்க பாட்டன் வாறப்ப அந்தக் கொடையும் இல்லீங்க மொதலாளி. அந்த வித்தியாசமா இருக்குமோ?"

கடைப் பையன்கள் எங்கோ பார்த்தார்கள்.

"இந்த வாய்தான் ஒங்கள முன்னேற வுடாம வச்சிருக்கு. சம்பளம் எடுத்தா சாராயம். தீவாளின்னா கடன். திருவிழான்னா ரேடியோ செட்டு. யாரு மேல பழி? சிங்களவன் மேல, தொரை மேல, வெல மேல. நான் சொல்றேன், ஒழச்சா முன்னேறலாம். ஒன் மக முன்னேறலியா?"

"அவ முன்னேறத்தான் ஒங்க கையெழுத்துக் கேட்டு வந்தேன்."

முதலாளியின் கண்கள் பளிச்சிட்டன. வியாபாரிக்கு வரும் பளிச்சிடல் அது. பழைய தகரத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்க யோசனை வரும்போதும் இப்படித்தான் பளிச்சிடும்.

"போடுறேன். ஆனா நீ எங்க அணியில பேசணும். ஒன்னைய மேடையில நிறுத்தி, இந்தா பாருங்க, ஒரு கொழுந்துக்காரி சொந்தப் பொறுப்புல மகள நர்சாக்கிட்டா, நீங்க ஏன் செய்யலன்னு கேக்கணும். நீ பேசி முடிச்சதும் அந்த மேடையிலயே, எல்லாரும் பாக்க, போட்டோ புடிக்க, கையெழுத்துப் போடுறேன்."

"இன்னொரு கையெழுத்து?"

"அது ஒன் பொறுப்பு" என்றார் முதலாளி.

சனிக்கிழமை காலையில், வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும்போது மழை தூறியது. மழைக்கு இடுப்பில் கட்டிய முரட்டுப் படங்குச் சீலை விறைத்துப்போய்ப் பலகை மாதிரி இருந்தது. வீரம்மாவும் பேச்சியம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரை. வீரம்மாவின் கை கொழுந்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. செடி தானாகக் கொழுந்தைக் கழற்றிப் பின்னால் வீசுகிறது என்று புதுக் கங்காணி ஒருவன் பயந்துபோனதாகக் கேள்வி. அன்றைக்கு மட்டும் அந்தக் கை தெரிந்தது.

"என்னாடி, கையில எலும்பு மாட்டிருச்சா?" என்றாள் பேச்சியம்மா.

"யோசன."

"எங்க துஷாந்துகிட்ட கேட்டியா? போட்டுக் குடுத்தானா?"

வீரம்மா இன்னொரு கொழுந்தைக் கிள்ளினாள். பெற்றவளிடம் மகனைப் பற்றிக் குறை சொல்வதும் பச்சைச் செடியை வேரோடு பிடுங்குவதும் அவளுக்கு ஒன்று.

"யோசிச்சிச் சொல்றேன்னாரு."

"யோசிக்கிறானா? அவனா? அவன் பேசுவான், யோசிக்க எங்க நேரம்?"

பத்து மணிக்குத் தேத்தண்ணி. தூள்களிலேயே கடைசித் தூளில் போட்ட சாயத் தண்ணி, கோதுமை மா ரொட்டி, இடித்த சம்பல். உலகத்துக்கே நல்ல தேயிலை அனுப்புகிற மலையில் அந்தத் தூளைக் குடித்துப் பழகியவர்களுக்கு மற்றத் தேத்தண்ணி எல்லாம் சுடுதண்ணிதான்.

பின்னேரம் நிறுவைக்குப் போகும்போது வீரம்மாவின் கூடையைப் பேச்சியம்மா கையால் தூக்கிப் பார்த்தாள். தராசு பொய் சொல்லும், பேச்சியம்மாவின் கை சொல்லாது. "கொறையுதுடி" என்றாள். குறைந்தால் அன்றைக்கு முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். பேச்சியம்மா ஒரு சத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான். முன்னால் போனவள், பின்னால் வந்தவள், நேற்று வீரம்மாவோடு தண்ணிக்குழாயில் சண்டை போட்டவள், எல்லோரும் தங்கள் கூடையிலிருந்து ஆளுக்கொரு பிடி கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் நிற்கவில்லை. அந்த மலையில் அது காலாகாலமாக நடக்கிற விஷயம். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.

வீரம்மா கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். மலையில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"பைத்தியமா புடிச்சிருச்சி?" என்றாள் பேச்சியம்மா.

"இல்லடி. பேச்சு கெடைச்சிருச்சி."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே பட்டிமன்றம். பொழுது சாய்ந்தால் மழையும் பேச ஆரம்பித்துவிடும். கோயில் முன்னால் மேடை, மேலே முதலாளி கடைப் புதுத் தகரம், விலைச் சீட்டுக்கூட கிழிக்கவில்லை. கூட்டம் எண்ணாயிரம் பேர் இருக்கும். நாய்களையும் காவடிகளையும் சேர்க்காவிட்டால் எண்ணூறு. நடுவர் யோகேஸ்வரி டீச்சர், ஓய்வுபெற்ற அதிபர். அவர் கண்ணாடியை மூக்கில் கீழே இறக்கினால் ரேடியோ செட்டே அமைதியாகும்.

துஷாந்த் மாஸ்டர் பேசினார். நாடற்றவர்களாக்கிய சட்டத்திலிருந்து பஸ் பலகையில் தமிழைக் காணோம் என்பது வரை இடி இடித்தது. கூட்டம் கைதட்டியது, ஏனென்றால் அத்தனையும் உண்மை. மதுரன் பேசினான். தேயிலை விலை, கொழும்பு ஏலம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற செலவு, வட்டத்தைக் கையாலேயே காற்றில் போட்டுக் காட்டினான். கூட்டம் கைதட்டியது, அதுவும் உண்மை. முதலாளி எழுந்து சாராயத்தைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் பாதி தலையைக் குனிந்தது, மற்றப் பாதி பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தது. அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

"இந்தப் பொம்பளையப் பாருங்க!" என்று முடித்தார் முதலாளி. "யாரு இவளுக்கு ஒதவி செஞ்சா? யாருமில்ல! சொந்தக் கால்! சொந்தப் பொறுப்பு! வா வீரம்மா!"

வீரம்மா ஒலிவாங்கியை ஒரு பார்வை பார்த்து ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவளுக்கு அது எதற்கு?

"நடுவர் டீச்சருக்கு வணக்கமுங்க. எங்க அணித் தலைவரு என்னையச் சொந்தக் கால்ல நிக்கிறவன்னு சொன்னாரு. சந்தோசம். முப்பது வருசமா நிக்கிறேன், ரெண்டு முழங்காலும் தேஞ்சிபோச்சி. எம்புருசன் குடிக்க மாட்டாரு. குடிச்சாலாச்சும் பேசுவாருன்னு நானே ரெண்டு தடவ வாங்கிக் குடுத்தேன், வேணாம்னுட்டாரு."

கூட்டம் வெடித்தது. பின்வரிசையில் சின்னத்தம்பி தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்மகளும் அவ பொறுப்புக்கு என்னா உண்டோ செஞ்சிட்டா. நடந்தா, படிச்சா, பாசாயிட்டா. எங்க பக்கத்துப் பொறுப்பு முடிஞ்சிருச்சிங்க டீச்சர். ஆனா மொதலாளி ஒண்ண மறந்துட்டாரு. யாரு ஒதவி செஞ்சான்னு கேட்டாரே? நேத்து என் கூடை கொறஞ்சிச்சி. பேச்சி போட்டா ஒரு பிடி. கீழ லயத்துக் கமலம் போட்டா ஒரு பிடி, அவ எங்கூடப் பேசுறதே இல்ல. அப்படித்தான் எனக்கு முழுப் பேர் விழுந்திச்சி. இந்த மலையில தன் கையால மட்டும் முப்பது வருசமும் முழுப் பேர் போட்டவ ஒருத்தி இருந்தா எந்திரிச்சி நிக்கட்டும். நான் எறங்கிப் போயிர்றேன்."

ஒருத்தியும் எழும்பவில்லை.

வீரம்மா ரவிக்கைக்குள்ளிருந்து பொலித்தீன் உறையில் சுற்றிய பாரத்தை எடுத்து நடுவர் மேசையில் விரித்தாள். காற்றில் பறக்காமல் யோகேஸ்வரி டீச்சரின் தண்ணிக் கிளாசை அதன்மேல் வைத்தாள்.

"மாஸ்டர் சொன்னாரு இனவாதம்னு. ஆமா, பாரம் சிங்களத்துலதான் வந்திருக்கு. தம்பி சொன்னாரு பொருளாதாரம்னு. ஆமா, காணி இருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்? மொதலாளி சொன்னாரு பொறுப்புன்னு. அதுவும் சரி, எம்மக படிக்காட்டி இந்தப் பாரமே வந்திருக்காது. மூணு பேரு சொன்னதும் நெசம். ஆனா நெசத்துக்குக் கை இல்லீங்களே, கையெழுத்துப் போட! நாளைக்கு மூணு மணிக்குள்ள இந்தப் பாரம் போகணும். எம்மக கூடையில ரெண்டு பிடி கொறையுது. போடக்கூடிய ஆளுங்க மூணு பேரும் இந்த மேடையிலதான் இருக்காங்க. ஒவ்வொருத்தர் வாசலுக்கும் போயிட்டுத்தான் வந்தேன். அம்புட்டுத்தான் என் பேச்சு."

தகரத்தின் மேல் ஒரு துளி மழை விழுந்தது எல்லோருக்கும் கேட்டது.

"டேய் துஷாந்து!"

பேச்சியம்மா கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றாள்.

"யோசிச்சிச் சொல்றேன்னியாமே? இல்லன்னா சொன்ன? நீ ஏ.எல் பரீட்ச எழுதுன மூணு வாரமும் எனக்குக் குளிர்காய்ச்சல்டா! நடுங்கிக்கிட்டே மலைக்குப் போனேன். என் கூடையில பாதி இவ கொழுந்துடா! அந்தச் சம்பளத்துலதான்டா நீ பஸ் ஏறுன!"

"அம்மா, ஒக்காருங்கம்மா..."

"கட்டாருக்குப் போனவனுக்குப் போடத் தெரிஞ்சிச்சில்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒன் சம்பளச் சீட்ட மடிச்சி வச்சது யாருன்னு நெனைக்கிற?"

மாஸ்டரின் முகம் சோக் நிறத்துக்கு வந்தது. முதலாளி கெட்டிக்காரர், நிலைமையைப் பிடித்துக்கொண்டார். தங்க மூடி போட்ட பேனாவை உயரத் தூக்கினார். "இதோ! நான் போடுறேன்! எங்கப்பா போட்டோக்காரர்? தம்பி, இந்தப் பக்கம் வா. வெளிச்சம் இல்லியே, அந்த லைட்டத் திருப்பு. என் கழுத்து மாலையும் தெரியணும்."

போட்டோக்காரன் லைட்டைத் திருப்பினான். லைட் அணைந்தது. ஜெனரேட்டரை உதைக்க ஓடினான்.

அந்த இடைவெளியில் மதுரன் நாற்காலியை விட்டு எழுந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை, திட்டுவதற்கு அவனுக்கு அம்மா இல்லை. மேசைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்த சாதாரண பேனாவை எடுத்து, முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டான். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒழுங்காக எழுதினான்.

"வீட்டுக் கடன் தம்பி?" என்றாள் வீரம்மா மெதுவாக. அவளுக்கும் மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"எங்கம்மா கூடை எப்பவும் கொறையும் அக்கா" என்றான் மதுரன். வேலைச் சான்றிதழைக் காலையில் வங்கியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னான்.

துஷாந்த் மாஸ்டர் இரண்டாவது கோட்டில் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்து, "ஆனா பாரம் சிங்களத்துல இருக்கிறது இனவாதந்தான். அத நான் விட மாட்டேன்" என்றார்.

"விடாதீங்க மாஸ்டர்! மகஜரக் கொண்டாங்க, இந்த எண்ணூறு பேரும் போடுவோம்!" என்றாள் வீரம்மா.

ஜெனரேட்டர் உயிர்பெற்றது. லைட் எரிந்தது. மயில்வாகனம் முதலாளி மாலையைச் சரிசெய்து, மேசைக்குக் குனிந்து, பேனாவின் தங்க மூடியைக் கழற்றினார். பாரத்தைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு எடம் எங்க?"

யோகேஸ்வரி டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பாரத்தின் அடியில் விரலை வைத்தார். "இங்க ஒண்ணு இருக்கு, மயில்வாகனம். சாட்சி."

முதலாளி சாட்சிக் கோட்டில் போட்டார். ரயில் பாதை கோட்டைத் தாண்டி, பாரத்தின் ஓரத்தைத் தாண்டி, மேசை விரிப்பில் இரண்டு அங்குலம் போய்த்தான் நின்றது. தீர்ப்புச் சொல்ல டீச்சர் எழுந்தபோது மழை தகரத்தில் இறங்கியது. எந்த அணி வென்றது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று அணியும் தாங்கள்தான் என்கின்றன.

திங்கட்கிழமை காலையில் இரண்டு வேலைச் சான்றிதழும் வாங்கி, பகல் இரண்டு மணி இருபதுக்குப் பாரம் கண்ணாடிக்குள் போனது. அதே சிங்களப் பெண். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்து மலைத்துப்போய், பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாளாம். பிறகு டப்பென்று முத்திரை குத்தினாள். அந்தச் சத்தம் றொசல்ல வரைக்கும் கேட்டதாக வீரம்மா சொல்வாள். கூட வந்திருந்த சின்னத்தம்பி முதல் தடவையாக வீதியில் நின்று வாய் திறந்தான். "பசிக்குது" என்றான். அது சந்தோஷத்தில் சொன்னது என்று வீரம்மாவுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மலையில் கதை சொல்லும் வேலையே பெரிய வேலையாகிவிட்டது. முத்திரை குத்தியதைக் காட்ட ஒரு கை, முதலாளி மாலையைச் சரிசெய்ததைக் காட்ட மறு கை. கொழுந்தெடுக்க அவளிடம் மூன்றாவது கை இல்லை. பின்னேரம் பேச்சியம்மா அவள் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள்.

"மறுபடியும் கொறையுது. வாய்க்காரி."

சத்தம் கொடுத்தாள். ஆளுக்கொரு பிடி வந்து விழுந்தது. கீழ் லயத்துக் கமலம் போடும்போது, "மக போனப்புறம் தண்ணிக்குழாய்ல மொத வாளி எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போட்டாள். பேச்சியம்மா மட்டும் தன் பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சொல்லுடி. டீச்சருக்குத்தான் மழ வந்திருச்சி. நீ சொல்லு. எதுடி காரணம்? இனவாதமா, பொருளாதாரமா, பொறுப்பில்லாததா?"

"போடுடி மொதல்ல. நிறுத்துட்டுச் சொல்றேன்."

போட்டாள். தராசு முள் முழுப் பேருக்கு மேல் போய் நின்று ஆடியது. நிறுவைக் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், வழக்கம்போல் சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோவைக் கழித்துவிட்டு எழுதினான்.

"ஏங்க கணக்கப்புள்ள," என்றாள் வீரம்மா, டிக்கோயாவுக்குக் கேட்கிற குரலில், "இந்த ரெண்டு கிலோவுக்கு மட்டும் எந்த அணி பொறுப்பு?"

கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகினான். எடுத்தான். மறுபடியும் செருகினான். வரிசையில் நின்ற நாற்பது பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவன் பதிலுக்காக வசதியாக இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.